அத்திரம்பாக்கத்தைக் காலி செய்யச் சொல்பவர்களுக்கு

சென்ற மாதம் இராயபுரத்தில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் எங்கள் வாசகர் சந்திப்பு நடந்தது. எடுத்துக்கொண்ட நாவலைப் பற்றிய பேச்சு முடிந்து தேநீர் வந்த பிறகு, வழக்கம்போல் உரையாடல் எங்கெங்கோ அலைந்து தொல்லியலில் வந்து நின்றது. எங்களில் மூத்தவரும் நிறையப் படித்தவருமான ஒரு நண்பர், தாம் அண்மையில் அத்திரம்பாக்கம் போய்வந்த கதையைச் சொன்னார். சுவையாகத்தான் சொன்னார். முடிக்கும்போது மட்டும் இப்படி முடித்தார்: "வேறு எந்த நாடாக இருந்தாலும் அந்த ஊரை எப்போதோ காலி செய்து, சுற்றிலும் வேலி போட்டுப் பாதுகாத்திருப்பார்கள். நம்மவர்கள் அதன்மேல் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

பெரும்பாலோர் தலையசைத்தார்கள். நான் சற்றுக் கடுமையாக ஏதோ சொல்லிவிட்டேன். கூட்டம் கசப்பில் முடிந்தது. கடுஞ்சொல்லுக்காக அந்த நண்பரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் கருத்துக்காக மன்னிப்புக் கேட்க என்னால் இயலவில்லை. மொட்டைமாடியில் கோர்வையாகச் சொல்ல முடியாததை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் எண்ணூர்க் கழிமுகத்துக்கு அருகில் பிறந்து வளர்ந்தவன். அத்திரம்பாக்கத்துக்கும் எண்ணூருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் போதும். இரண்டையும் இணைப்பது ஒரே ஆறு. கொற்றலையாறு என்றும் கொசஸ்தலையாறு என்றும் அழைக்கப்படும் அந்த ஆறு பூண்டியைக் கடந்து, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி, மணலி புதுநகரின் ஓரமாக வந்து எண்ணூரில் கடலில் சேர்கிறது. அதன் மேற்பகுதியில் மனித வரலாற்றின் மிகப் பழைய தடயங்களுள் சில கிடக்கின்றன. அதன் வாயில் நான் கிடக்கிறேன். ஆகவே இந்த ஆற்றங்கரையில் யாரைக் காலி செய்வது என்ற பேச்சு வந்தால் எனக்கும் அதில் சொல்வதற்குச் சிறிது உண்டு.

*

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக.

1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரம் இராணுவத் திடலுக்கு அருகே சரளை வெட்டியெடுத்த ஒரு குழியில், மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். பிரான்ஸில் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் உண்மையிலேயே மனிதனால் செய்யப்பட்டவைதாம் என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டு அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே 1863 செப்டம்பரில் ஃபுட்டும் அவருடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். ஓடையரித்த நிலத்தில் கற்கருவிகள் சிதறிக் கிடந்தன. இந்தியாவின் கற்கால ஆய்வு அங்கேதான் உறுதியாகக் காலூன்றியது என்று சொன்னால் மிகையில்லை.

பிறகு பலர் வந்தார்கள். 1930களில் வி. டி. கிருஷ்ணசாமி ஆராய்ந்தார். யேல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கூட்டுக்குழு 1935இல் வந்துபோனது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறைக்காக கே. டி. பானர்ஜி அகழ்ந்தார். 1999இலிருந்து சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் சர்மா மரபுக் கல்வி மையத்தின் சார்பில் பல பருவங்கள் அகழ்ந்தார்கள். அவர்களுடைய குழிகளில் ஒன்று 9 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. அடியில் இருந்த களிமண் படிவத்திலும் கருவிகள் இருந்தன. விலங்குகளின் பற்களும் குளம்படிச் சுவடுகளும்கூட இருந்தன. அந்தக் கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான அவர்களது கட்டுரை சொன்னது. மண்ணில் புதைந்த குவார்ட்சைட் கற்களில் உள்ள அலுமினியம், பெரிலியம் தனிமங்களின் அரிய வகைகள் எந்த அளவு சிதைந்திருக்கின்றன என்று அளந்து, மண்ணில் உறைந்துபோன பூமிக் காந்தத்தின் திசையையும் சரிபார்த்துப் பெற்ற கணக்கு அது. 2018இல் 'நேச்சர்' இதழில் வந்த அடுத்த கட்டுரை, அதே இடத்தில் கனத்த கைக்கோடரிகளை விட்டு நுட்பமான செதில் கருவிகளுக்கு மனிதர்கள் மாறிய காலம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு என்றது. அந்த மாற்றம் இந்தியாவுக்கு மிகப் பின்னால், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நம் இனத்தாரோடு வந்தது என்ற கருத்தை மறுபரிசீலனை செய்யவைத்த கட்டுரை அது.

இந்த இடத்தில்தான் ஒரு கிராமம் இருக்கிறது. வயல் இருக்கிறது, ஏரி இருக்கிறது, ஆடு மாடுகள் இருக்கின்றன. நண்பரின் கோபத்துக்குக் காரணம் இவ்வளவுதான்.

*

காலி செய்ய வேண்டும் என்ற வாதத்தை அதற்குரிய மரியாதையோடு எடுத்துக்கொள்வோம். அதற்குப் பின்னால் மூன்று நம்பிக்கைகள் உள்ளன. ஊர்தான் தொல்லிடத்துக்கு எதிரி என்பது முதலாவது. ஊர்க்காரர்களுக்கு அதன் அருமை தெரியாது என்பது இரண்டாவது. உலகெங்கும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது மூன்றாவது. மூன்றும் பிழை என்பது என் கட்சி.

உழவன் ஒரு சாண், மிஞ்சிப்போனால் ஒரு முழம் மண்ணைக் கிளறுகிறான். ஆடு மண்ணை மிதிக்கிறது. 9 மீட்டர் ஆழத்தில் 15 லட்சம் ஆண்டுகளாகக் கிடக்கும் படிவத்தை இந்த இரண்டும் தொடுவதில்லை. தொடுவது வேறொன்று. செம்மண்ணும் சரளையும் அள்ளும் பொக்லைன் இயந்திரம் அது. கற்கருவிகள் இந்தப் பகுதியில் எங்கே கிடக்கின்றன? ஃபுட் எழுதிய முதல் கட்டுரைகளிலிருந்தே பதில் ஒன்றுதான்: செம்பூரான் சரளைப் படிவங்களில். சாலை போடுகிறவர்களுக்கும் மனை மேடாக்குகிறவர்களுக்கும் வேண்டியது எது? அதே சரளை. ஒரு நாள் இரவில் ஒரு குவாரி அழிக்கும் தொல்பொருளை ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து ஆயிரம் ஆண்டு உழுதாலும் அழிக்க முடியாது. அந்த லாரிகள் எங்கே போகின்றன? நாம் குடியிருக்கும் திசையில்தான். எந்த மேட்டின் சரளை எந்தப் பள்ளத்தை நிரப்பிற்று என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. அப்படிக் கணக்கு ஒன்று இருந்தால், புறநகரில் மனை வாங்கிய நம்மில் பலருடைய வீட்டு அடித்தளத்தில் பழைய கற்காலம் நசுங்கிக் கிடப்பது தெரியவரலாம்.

இதற்கு நண்பர் சரியான ஒரு பதிலைச் சொல்லக்கூடும். ஃபுட் முதல் கருவியைக் கண்டெடுத்ததே ஒரு சரளைக் குழியில்தானே? உண்மை. வெட்டிய குழியால்தான் அது வெளியே தெரிந்தது. ஆனால் அந்தக் குழியை ஆட்கள் கையால் வெட்டினார்கள்; வெட்டியதைப் பார்க்க ஒருவர் வந்து நின்றார். இன்று இயந்திரம் வெட்டுகிறது. பார்க்க ஒருவரும் வந்து நிற்பதில்லை. அந்தக் குழியில் சரளையை நிறுத்துவதல்ல, ஆளை நிறுத்துவதுதான் கேள்வி. ஊர் இருந்தால் ஆள் இருப்பார். ஊரைக் காலி செய்து வேலி போட்டுவிட்டால், வேலிக்குள் இரவில் நடப்பதற்குச் சாட்சி சொல்ல ஓர் ஆட்டுக்காரர்கூட மிஞ்சமாட்டார். ஆளில்லாத நிலத்துக்கு நம் நாட்டில் என்ன நேரும் என்பது நாம் அறியாததா?

இரண்டாவது, அருமை தெரியாது என்பது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் நானும் அங்கே போயிருந்தேன். ஓடைக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம், இங்கே பழைய கல் கிடைக்குமாமே என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மழ பேஞ்சி வுட்டாப் பாரு தம்பி, கழுவி உட்ட மாரி மேலயே கெடக்கும். இப்ப வந்தா இன்னா தெரியும்? எடுத்துக்கினு மட்டும் போவாத" என்றார். எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று யார் சொன்னது என்று கேட்டேன். "எடுத்துக்கினு பூட்டா அப்பறம் வர்றவங்களுக்கு இன்னாத்தக் காட்றது?" என்றார்.

ஒரு தொல்லிடத்தின் பாதுகாப்பைப் பற்றி இதைவிடத் தெளிவான ஒரு வாக்கியத்தை நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை. நண்பரின் குழுவில் எத்தனை பேர் சட்டைப் பையில் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள் என்று அன்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அகழாய்வு என்றால் ஆய்வாளர் பெயர் மட்டுமே நமக்கு நினைவு வருகிறது. குழியில் இறங்கி, மண்ணைச் சுரண்டி, சலித்து, சாதாரணக் கல்லிலிருந்து செதுக்கிய கல்லைப் பிரித்தறிந்து தட்டில் வைக்கும் கைகள் பெரும்பாலும் அந்தந்த ஊர்க் கைகள். நம் மாநிலத்தின் எந்த அகழாய்வுக் களத்துக்கும் போய்ப் பாருங்கள், அவற்றுள் பாதிக்கு மேல் பெண்களின் கைகளாக இருக்கும். நாள்கூலி கொடுத்து வாங்கிய அந்த அறிவை அறிவு என்று ஒப்புக்கொள்ள மட்டும் நமக்கு மனம் வருவதில்லை.

*

மூன்றாவது, உலகெங்கும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது. செய்த இடங்களைப் பார்ப்போம்.

எகிப்தில், நைல் நதியின் மேற்குக் கரையில், பழைய தீப்ஸ் நகரத்துப் பிரபுக்களின் கல்லறைகளுக்கு மேலேயே குர்னா என்ற ஊர் இருந்தது. ஊர்க்காரர்கள் கல்லறைத் திருடர்கள் என்று பெயர் வாங்கியிருந்தார்கள். அதில் உண்மையும் இருந்தது. 1881இல் அதிகாரிகளுக்குத் தெரியவந்த அரச மம்மிகளின் மறைவிடத்தை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கண்டுபிடித்துப் பொருள்களை விற்றுக்கொண்டிருந்தது அவ்வூர்க் குடும்பம் ஒன்றுதான். ஆனால் பல தலைமுறைகளாக ஐரோப்பிய ஆய்வாளர்களுக்கு அகழ்ந்து கொடுத்ததும் அதே ஊர்தான். 1940களில் ஹசன் ஃபாத்தி என்ற பெரும் கட்டடக்கலைஞர் அவர்களுக்காகச் சுட்டெடுக்காத மண் கற்களால் அழகிய புதிய ஊர் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அவர்கள் அங்கே போக மறுத்தார்கள். கடைசியில் 2006க்குப் பிறகு இயந்திரங்கள் வந்து பழைய ஊரை இடித்துத் தள்ளின. வண்ணம் தீட்டிய மண் வீடுகளோடு சில நூற்றாண்டுகளின் வரலாறும் போயிற்று. பழமையைக் காக்க வந்தவர்கள் ஒரு பழமையை அழித்தார்கள்.

அவ்வளவு தொலைவு போவானேன்? ஹம்பியில், விரூபாட்சர் கோயிலுக்கு எதிரே உள்ள கடைவீதியில் தலைமுறைகளாகக் குடியிருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களை 2011இல் இயந்திரம் கொண்டு வெளியேற்றினார்கள். விஜயநகரக் காலத்தில் அந்த வீதி கடைகளும் மனிதர்களும் நிறைந்திருந்ததால்தான் அதற்குக் கடைவீதி என்று பெயர். மனிதர்களை நீக்கிவிட்டு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம் என்றார்கள். இதில் எது பழைய நிலை?

இனி மாற்று உதாரணம். இந்தக் கைக்கோடரிகளின் மரபுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் 'அஷூலியன்'. அது பிரான்ஸின் அமியான் நகரத்துப் புறநகரான செயிண்ட் அஷூலின் பெயர். அங்கேயும் சரளைக் குழிகள் இருந்தன. இன்று அங்கே ஒரு தொல்லியல் பூங்கா இருக்கிறது; மண் படிவத்தின் வெட்டுமுகத்தை நேரில் காணலாம். அதைச் சுற்றி வீடுகளும் தெருக்களும் இருக்கின்றன. அந்தப் புறநகரைக் காலி செய்ய வேண்டும் என்று எந்த வாசகர் வட்டமும் கோரியதாகத் தெரியவில்லை. நம் கீழடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் தொடங்கிய அந்த அகழாய்வு நடந்தது தனியார் தென்னந்தோப்புகளில். நிலத்துக்காரர்கள் இடம் தந்தார்கள், குழி வெட்டினார்கள், ஆய்ந்தார்கள், பல குழிகளை மறுபடி மூடியும் கொடுத்தார்கள். தென்னை காய்த்துக்கொண்டுதான் இருந்தது. ஊரைக் காலி செய்யாமலேயே தமிழகம் தன் காலக்கணக்கைத் திருத்திக்கொள்ள முடிந்தது.

*

கீழடி என்றதும் இன்னொரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். இது காலி செய்யச் சொன்ன நண்பருக்கல்ல, நம் எல்லோருக்கும்.

கீழடியில் 2023 மார்ச்சில் அழகான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மகிழ்ச்சி. குடும்பம் குடும்பமாக மக்கள் போகிறார்கள். அதைவிட மகிழ்ச்சி. ஆனால் கீழடிக்குப் போகும் கால்கள் பூண்டிக்கு ஏன் போவதில்லை? தமிழகத் தொல்லியல் துறை 1985இலேயே பூண்டியில் ஒரு சிறிய அகழ்வைப்பகம் அமைத்திருக்கிறது. நீர்த்தேக்கத்தைப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அதற்குள் தலை நீட்டியிருக்கிறோம்?

காரணம் எளிது. கீழடியில் பானை ஓட்டில் எழுத்து இருந்தது. எழுத்து நம்முடைய எழுத்தாக இருந்தது. அத்திரம்பாக்கத்துக் கல்லில் எழுத்து இல்லை. அது எந்த மொழியும் பேசவில்லை. அதைச் செதுக்கியவர்கள் தமிழர்கள் அல்லர், ஆரியர்கள் அல்லர், திராவிடர்கள் அல்லர். நம்முடைய மனித இனத்தைச் சேர்ந்தவர்களே அல்லர். நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் என்று இன்று அறியப்படுபவை மொராக்கோவில் கிடைத்த ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டு எலும்புகள். 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்த ஓடைக்கரையில் உட்கார்ந்து கல் செதுக்கியவர் யார் என்று எலும்பு கொண்டு சொல்ல வழியில்லை. இந்தியாவில் அத்தகைய தொல்மனித மண்டையோடு என்று குறிப்பிடத்தக்கது 1982இல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் கிடைத்த ஒரு பகுதி மட்டுமே. அத்திரம்பாக்கத்தில் கை கிடைக்கவில்லை, கை செய்த வேலை மட்டும் கிடைத்திருக்கிறது.

இந்தக் கல்லை எடுத்துக்கொண்டு மேடையில் முழங்க முடியாது. கல்லுக்கும் மண்ணுக்கும் முன்பே பிறந்த குடி என்று மார் தட்டுகிறவர்களுக்கு இந்தக் கல் ஒரு சங்கடம். "நீ வருவதற்கு முன்பே நான் இங்கே கிடந்தேன், உன்னுடைய எந்தப் பெருமையிலும் எனக்குப் பங்கில்லை" என்கிறது அது. ஊர்ப் பெயரைப் பிரித்து, 'அத்திரம்' என்றால் ஆயுதம், ஆகவே ஆயுதங்களின் ஊர் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்து பெயர் வைத்தார்கள் என்று சொல்ல நம்மில் சிலருக்கு நாக்கு துடிக்கிறது. 'பாக்கம்' என்று முடியும் ஊர்ப்பெயர் எவ்வளவு பழையதாக இருந்தாலும் அந்தக் கல்லின் வயதுக்கு முன்னால் அது நேற்றைய மழை. தற்செயலைத் தற்செயலாக ரசிக்கலாம், சான்றாக்கக் கூடாது.

இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. நம்முடையது என்று உரிமை கொண்டாட முடியாத ஒன்றைக் காப்பாற்றுவதுதான் உண்மையான காப்பாற்றல். தன் பாட்டனாரின் படத்துக்குக் கண்ணாடி போடுவது பாசம். யாரோ ஒருவருடைய கைவேலையை, அவர் மனிதரா என்பதுகூட நிச்சயமில்லாத ஒருவருடைய கைவேலையை, எடுத்துக்கொண்டு போகாதே என்று சொல்வது பண்பாடு. ஆடு மேய்த்த பெரியம்மாவுக்கு அது இருந்தது.

*

இனி என் சொந்த ஊருக்கு வருகிறேன். என் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்த ஆற்றிடமிருந்து சென்னை எடுத்துக்கொண்டதைக் கணக்கெடுத்துப் பாருங்கள். 1944இல் பூண்டியில் அணை கட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டது. படுகையிலிருந்து மணலை எடுத்துக்கொண்டது. மேட்டிலிருந்து சரளையை எடுத்துக்கொண்டது. கற்கருவிகளை எடுத்துக்கொண்டது, ஃபுட் சேர்த்தவை இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஏன், பெயரைக்கூட எடுத்துக்கொண்டது. செயிண்ட் அஷூல் என்ற சின்னப் புறநகர் உலகப் பாடநூல்களில் ஏறியபோது, அத்திரம்பாக்கத்துக் கருவிகள் 'மதராஸ் மரபு' என்ற பெயரில் ஏறின. அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த, முந்நூறு ஆண்டுகூட நிறையாத ஒரு நகரம் 15 லட்சம் ஆண்டுக் கல்லின்மேல் தன் பெயரை எழுதிக்கொண்டது.

பதிலுக்கு இந்த ஆற்றுக்கு நகரம் கொடுத்தது என்ன? அது தெரிய வேண்டுமானால் ஆற்றின் வாய்க்கு வர வேண்டும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970களில் தொடங்கி 2017இல் மூடப்படும் வரை ஓடியது. வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் அதன் பிறகு வந்தவை. நிலக்கரிச் சாம்பலைக் குழம்பாக்கிக் கொண்டுபோகும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கசிந்து, சாம்பல் ஆற்றிலும் அலையாத்தி மரங்களின் வேரிலும் படிந்தது. 2017 சனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளி கொண்டு அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து கழிமுகம் முழுவதும் பரவியது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இங்கேயும் "காலி செய்" என்ற சொல்லைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். துறைமுகம் வருகிறது, காலி செய். ஆலை வருகிறது, காலி செய். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது அங்கிருந்த குப்பம் இடம்பெயர்ந்தது. என் தாய்மாமன் கழிமுகத்தில் இறால் வலை போட்டவர். காலுக்கடியில் இருப்பது சேறா சாம்பலா என்று இறங்கிய உடனே பாதத்தால் சொல்லிவிடுவார். சேறு வழுக்கும், சாம்பல் உறிஞ்சும் என்பார். அந்த அறிவு அவரோடு போயிற்று.

நண்பர் இப்போது கேட்கலாம்: வளர்ச்சிக்காகக் காலி செய்வதும் பாதுகாப்புக்காகக் காலி செய்வதும் ஒன்றா? காரணம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டிலும் காலி செய்பவர் யார், செய்யப்படுபவர் யார் என்று பாருங்கள். அவர்கள் மாறுவதே இல்லை. தொல்லியல் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தப்படி, மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவிடத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டக் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். நல்ல சட்டம். அது நடைமுறையில் ஓர் ஏழை தன் குடிசைக்குக் கழிப்பறை கட்ட நினைக்கும்போது மிகச் சரியாக விழித்துக்கொள்ளும். கடலோரத்தையும் கழிமுகத்தையும் காக்க 1991இலேயே கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. அதுவும் நல்ல சட்டம். கழிமுகத்தில் சாம்பல் மேடு எழுந்தபோது அது அயர்ந்து தூங்கியது. விதி சிறியவனைக் கண்டால் விழிக்கும், பெரியவனைக் கண்டால் தூங்கும் என்றால் பிழை விதியில் இல்லை. அதைப் பிடித்திருக்கும் கையில் இருக்கிறது. அந்தக் கையில் இன்னொரு விதியைக் கொடுத்து அத்திரம்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறீர்கள்.

*

சரி, எதுவும் செய்யாமல் விட்டுவிடலாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. ஊர்க்காரர்கள் எல்லோரும் புனிதர்கள் என்றும் நான் சொல்லவில்லை. விலை வந்தால் மண்ணை விற்பவர் அங்கேயும் இருப்பார், எங்கள் குப்பத்திலும் ஆலைக்காரருக்குத் தரகு பார்த்தவர் இருந்தார். வறுமைக்கு விலை பேசத் தெரியாது. அதனால்தான் காப்பாற்றுவதில் அவர்களுக்கு ஒரு வரும்படி இருக்க வேண்டும்.

கொற்றலையாற்றுப் படுகையில் சரளைக் குவாரிக்கு அனுமதி தருவதற்கு முன் தொல்லியல் ஆய்வு கட்டாயமாக வேண்டும். குவாரி நடக்கும் நாள்களில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆள் ஒருவர் சம்பளத்தோடு அங்கே நிற்க வேண்டும். அகழாய்வில் வேலை பார்த்து அனுபவம் பெற்றவர்களே அதற்குத் தகுதியானவர்கள். அத்திரம்பாக்கத்திலேயே ஓர் அறையாவது வேண்டும். அந்த ஊரில் கிடைத்த கருவிகளுள் சிலவாவது அந்த ஊர்ப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் தொலைவில் இருக்க வேண்டும். ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பட்டறைகள் நடத்தியிருக்கிறார்கள் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஆனால் அது ஆய்வாளரின் நல்ல மனத்தைச் சார்ந்தே இருக்கக் கூடாது. இலக்கியக்காரர்களாகிய நமக்கும் இதில் வேலை உண்டு. 'சயின்ஸ்' கட்டுரையும் 'நேச்சர்' கட்டுரையும் சொன்னதை, மிகையும் பெருமிதமும் கலக்காமல், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் நம்மில் ஒருவர் எழுத வேண்டும். நூறு பக்கம் போதும். ஊரைக் காலி செய்வதைவிட இது கடினமான வேலை.

கடைசியாக ஒன்று. மேற்பகுதியைத் தொல்லிடமென்று கும்பிட்டுவிட்டு வாய்ப்பகுதியைக் குப்பைத்தொட்டியாக வைத்திருப்பது ஓர் ஆற்றுக்குச் செய்யும் மரியாதை அல்ல. அத்திரம்பாக்கத்தில் களிமண், அதற்கு மேல் சரளை, அதற்கு மேல் வண்டல் என்று படிவம் படிவமாக எழுதி வைத்தது இந்த ஆற்றுப் படுகைதான். எண்ணூரிலும் படிவம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது: சேறு, அதற்கு மேல் சாம்பல், அதற்கு மேல் எண்ணெய்ப் படலம். அந்தப் படிவத்தில் வருங்கால ஆய்வாளருக்கு நம்மைப் பற்றிய சான்று நிறையவே கிடைக்கும். கல்லில் ஒரு கூர்முனையைத் தேடியவர்களுக்குப் பிறகு இங்கே யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று அவர் துல்லியமாக எழுதிவிடுவார்.

அடுத்த மாதம் மறுபடி அத்திரம்பாக்கம் போகலாம் என்று அந்த நண்பர் சொல்லியிருக்கிறார், என்னையும் அழைத்திருக்கிறார். அவருடைய பெருந்தன்மை அது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு நிபந்தனை மட்டும்: பயணம் காலை ஆறு மணிக்கு எண்ணூர் முகத்துவாரத்தில் தொடங்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் தண்ணீரில் இறங்கி நிற்போம். காலுக்கடியில் இருப்பது சேறா சாம்பலா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஆற்றோடு மேலே போவோம்.